தொட்டுக்கொள்ளாத காந்தத் துகள்களில் ஸ்பின் அலை எப்படி ஓடும்?

ஸ்பின் அலை என்பது அணுக்களின் குட்டிக் காந்தங்களில் (ஸ்பின்களில்) ஏற்படும் ஆட்டம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பரவுவது. நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: 50 நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) உருண்டைகள் இருபதை ஒரே கோட்டில் அடுக்கி, காந்தமாக்கத்தைச் சங்கிலியின் நீளவாக்கில் வைத்து, சிமுலேஷனில் ஒரு முனையைத் தட்டிவிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அலைநீளம் குறையக் குறைய அதிர்வெண்ணும் குறைகிறது. பாடப்புத்தகத்தில் ஸ்பின் அலையின் வளைகோடு (அலைநீளம் குறையும்போது அதிர்வெண் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் கோடு) மேலே ஏறுகிறதே, எங்காவது குறி மாறிவிட்டதா என்பது முதல் சந்தேகம். துகள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும்போது அங்கே உண்மையிலேயே அலை ஓடுகிறதா, அல்லது ஒவ்வொரு துகளும் தன்பாட்டுக்கு ஆடுவதைத்தான் அலை என்று எண்ணிக்கொள்கிறோமா என்பது இரண்டாவது. கடைசியில், இதை ஒரு சமிக்ஞைக் கம்பியாகப் பயன்படுத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் அடிப்படையில் ஒரே கேள்விதான்: ஒரு துகளை அடுத்த துகளோடு பிணைப்பது எது? அது தெரிந்தால் வளைகோடு ஏன் இறங்குகிறது என்பதும் விளங்கிவிடும். குறி மாறவில்லை. உங்கள் சிமுலேஷன் சொல்வது சரி.

பாடப்புத்தகத்தில் வரும் ஸ்பின் அலை 1930இல் இயற்பியலாளர் பிளாக் முன்வைத்தது. அங்கே பிணைப்பு, அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையிலான பரிமாற்ற இடைவினை. அதற்குப் பக்கத்து ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதுதான் பிடிக்கும். அலைநீளம் குறைந்தால் பக்கத்து ஸ்பின்களுக்கு இடையிலான கோணம் கூடும், ஆற்றல் செலவும் கூடும். அதனால் அதிர்வெண் ஏறுகிறது. ஆனால் பரிமாற்ற இடைவினை அணு அளவுத் தொலைவைத் தாண்டாது. உருண்டைகளுக்கு நடுவே ஒரு மேற்பூச்சுப் படலம் இருந்தாலே போதும், அந்தக் கதவு அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது காந்த இருமுனைகளுக்கு இடையிலான இடைவினை மட்டுமே. ஒரு துகளின் காந்தப்புலம் அடுத்த துகளைத் தொடுகிறது, அவ்வளவுதான். அலை ஓட அது தாராளமாகப் போதும்.

துகளுக்குள்ளே நிலைமை வேறு. அங்கே பரிமாற்ற இடைவினைதான் ராஜா. 50 நானோமீட்டர் மேக்னடைட் உருண்டைக்குள் காந்தமாக்கம் சீரில்லாமல் நெளியும் முதல் அதிர்வுக்கு, சீரான அதிர்வைவிடச் சுமார் 10 கிகாஹெர்ட்ஸ் அதிகம் தேவைப்படுகிறது. விட்டம் 10 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி 25 மடங்காகிவிடும். எனவே நீங்கள் பார்க்கும் சில கிகாஹெர்ட்ஸ் வரம்பில் ஒவ்வொரு துகளையும் ஒரே பெரிய காந்தத் திருப்புத்திறனாக (திசையும் வலிமையும் கொண்ட ஒற்றைக் காந்த ஊசியாக) எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை வராது. அது தன் மீதுள்ள புலத்தைச் சுற்றி, சாய்ந்த பம்பரத்தின் தலை சுற்றுவதுபோலச் சுற்றும். வேகம் ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். துகள் பெரிதாகி 100 நானோமீட்டர் பக்கம் போனால் இந்த எளிமை கைவிட்டுப் போகும், ஏனென்றால் உள்ளே சுழல் போன்ற அமைப்புகள் உருவாகத் தொடங்கும். அதுவரை கவலையில்லை.

உருண்டை வடிவத்துக்கு இன்னொரு வசதி உண்டு. சீராகக் காந்தமான உருண்டையின் வெளிப்புறப் புலம், மையத்தில் வைத்த ஒரு புள்ளி இருமுனையின் புலமேதான். இது தோராயம் அல்ல, முழுக்கச் சரி. இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் நிலையிலும் சரியாக இருக்கும். கனசதுரத் துகள்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

இனி எண்களுக்கு வருவோம். முதலில் இரண்டே துகள்கள். மேக்னடைட்டின் பூரிதக் காந்தமாக்கம் (அது எட்டக்கூடிய அதிகபட்சக் காந்தமாக்கம்) டெஸ்லா கணக்கில் சுமார் 0.6. தொட்டபடி நிற்கும் இரண்டு உருண்டைகளில் ஒன்று மற்றதன் மையத்தில் ஏற்படுத்தும் புலம், இணைப்புக் கோட்டின் திசையில் 50 மில்லிடெஸ்லா. அதே திருப்புத்திறன் குறுக்கே திரும்பியிருந்தால் புலம் அதில் பாதி, அதாவது 25 மில்லிடெஸ்லா, அதுவும் எதிர்த்திசையில். இந்தக் ‘எதிர்த்திசை’யில்தான் உங்கள் கேள்வியின் விடை இருக்கிறது. இரண்டும் கோட்டின் திசையில் நிற்கும்போது ஒவ்வொன்றின் மீதும் 50 மில்லிடெஸ்லா இருக்கும். இரண்டும் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்தால், சாய்ந்த பகுதி பக்கத்துத் துகளைத் திரும்பவும் நிமிர்த்தித் தள்ளுகிறது. மீட்புப் புலம் 50உடன் 25 சேர்ந்து 75 ஆகிறது, அதிர்வெண் 2.1 கிகாஹெர்ட்ஸ். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்தால் அதே குறுக்குப் புலம் சாய்வுக்கு ஒத்தாசை செய்கிறது. 50இல் 25 போய்விடும், அதிர்வெண் வெறும் 0.7 கிகாஹெர்ட்ஸ். ஒரே கட்டத்தில் ஆடினால் அதிகம், எதிர்க்கட்டத்தில் ஆடினால் குறைவு. பரிமாற்ற இடைவினையில் நடப்பதற்கு நேர் எதிர்.

நீண்ட சங்கிலியிலும் இதே கதைதான். இருமுனைப் புலம் தொலைவின் கனத்துக்கு ஏற்பக் குறைவதால் இரண்டாவது அண்டையின் பங்கு எட்டில் ஒன்று, மூன்றாவதன் பங்கு இருபத்தேழில் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் நேரடி அண்டையின் பங்கு 1.202 மடங்காகும். இரு பக்கமும் சேர்த்து ஒவ்வொரு துகளின் மீதும் 120 மில்லிடெஸ்லா நிலைப்புலம். எல்லாத் துகளும் ஒன்றாக ஆடும்போது குறுக்குப் புலம் இன்னும் 60 சேர்க்கும், மொத்தம் 180, அதிர்வெண் 5 கிகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்தவை எதிரெதிராக ஆடும் மிகக் குறுகிய அலையில் 45 கழியும், மொத்தம் 75, அதிர்வெண் 2.1. (இரண்டு துகள் கணக்கிலும் இதே எண் வந்தது தற்செயல், அதில் எதையும் தேட வேண்டாம்.) ஆக, வளைகோடு 5இல் தொடங்கி 2.1 வரை இறங்கும் ஒரு பட்டை. இதில் படிகத் திசைச்சார்பை (படிகத்தின் சில திசைகளில் மட்டும் காந்தமாக்கம் நிற்க விரும்பும் குணத்தை) சேர்க்கவில்லை, வெளிப்புலமும் இல்லை. நீளவாக்கில் வெளிப்புலம் கொடுத்தால் பட்டை முழுதும் அப்படியே மேலே நகரும், வடிவம் மாறாது. மேற்பூச்சு இருந்தால் தொலைவின் கனம் வேலை காட்டும். 50 நானோமீட்டர் துகளுக்கு இரண்டு நானோமீட்டர் பூச்சு என்றால் பட்டை ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதே பூச்சு 10 நானோமீட்டர் துகளில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும்.

வளைகோடு இறங்குவதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அலை முகடுகள் ஒரு பக்கம் நகர, ஆற்றல் எதிர்ப்பக்கம் நகரும். சிமுலேஷனின் அசைபடத்தில் இடது முனையைத் தட்டினால், துடிப்பு வலப்பக்கம் போவதையும் அதற்குள்ளேயிருக்கும் முகடுகள் இடப்பக்கம் வருவதையும் பார்க்கலாம். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் நேர அச்சைத் தலைகீழாகப் போட்டுவிட்டோம் என்றே நினைப்பார்கள். மெல்லிய காந்தப் படலங்களில் புலத்தின் திசையிலேயே ஓடும் அலைகளுக்கும் இதே குணம் உண்டு. 1961இல் டேமன், எஷ்பாக் இருவரும் படலங்களுக்குச் செய்த கணக்கிலேயே இது வெளிவந்துவிட்டது. சங்கிலிக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை.

இதைச் சோதிக்க எளிய வழி, புலத்தைச் சங்கிலிக்குக் குறுக்கே திருப்புவது. மேக்னடைட்டுக்கு 0.18 டெஸ்லாவுக்கு மேல் வெளிப்புலம் வேண்டும், இல்லாவிட்டால் திருப்புத்திறன்கள் குறுக்கே நிற்காமல் கோட்டை நோக்கிச் சரிந்துவிடும். அதற்கு மேலே போனால் வளைகோடு தலைகீழாகும். நீண்ட அலைக்குக் குறைந்த அதிர்வெண், குறுகிய அலைக்கு அதிகம், முகடும் ஆற்றலும் ஒரே திசையில். அதே துகள்கள், அதே இடைவெளி, புலத்தின் திசை மட்டும்தான் மாறியிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: இங்கே பொருளைவிட வடிவமைப்புக்குத்தான் அதிகாரம்.

பட்டையின் அடியில் இருக்கும் எதிரெதிர் ஆட்டத்துக்கு ஒரு பழைய பின்னணி உண்டு. 1955இல் ஜேக்கப்ஸ், பீன் இருவரும் நீள்துகள் காந்தங்கள் எப்படித் திசை மாறுகின்றன என்று ஆராய்ந்தபோது, உருண்டைகளின் சங்கிலியை மாதிரியாக எடுத்தார்கள். எல்லாம் ஒன்றாகத் திரும்புவதைவிட, அடுத்தடுத்தவை விசிறி மடிப்புபோல எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து திரும்புவதற்குக் குறைந்த எதிர்ப்புலமே போதும் என்று காட்டினார்கள். ஸ்பின் அலையின் பார்வையில் அது இயல்பாகவே வருகிறது. எதிர்ப்புலத்தைக் கூட்டக் கூட்டப் பட்டை கீழே இறங்கும். முதலில் பூஜ்யத்தைத் தொடுவது 75 மில்லிடெஸ்லாவில் இருக்கும் அந்த எதிரெதிர் ஆட்டம்தான். எல்லாம் ஒன்றாக ஆடும் நிலை பூஜ்யத்துக்கு வர 180 வேண்டும். அலைக்கணக்கும் திரும்பல் கணக்கும் ஒரே சமன்பாட்டின் இரண்டு பக்கங்கள்.

இதுவரை சொன்னது முடிவில்லாத சங்கிலி. உங்களுடையது இருபது துகள், அதாவது இருபது அதிர்வுநிலைகள். அவற்றில் பதினெட்டு பட்டைக்குள் அடங்கும். மீதி இரண்டைத் தேடிப் பாருங்கள், பட்டைக்குக் கீழே இருக்கும். காரணம், முனைத் துகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே அண்டை. அதன் மீதுள்ள நிலைப்புலம் நடுத் துகளின் மீதுள்ளதில் பாதி. அதனால் அதன் ஆட்டம் பட்டையோடு ஒட்டாமல், சுமார் 1.4 கிகாஹெர்ட்ஸில் முனையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டாம் துகளில் வீச்சு ஏறக்குறைய பாதி, எதிர்க்கட்டத்தில். மூன்றாவதில் ஆறில் ஒன்று. உங்கள் நிறமாலையில் கீழே தனியாக நின்ற உச்சியை இரைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். அது அநேகமாக இதுதான். நிஜச் சங்கிலிகள் திரும்பும்போது முனையிலிருந்தே தொடங்குவதற்கும் இதுவே காரணம். எதிர்ப்புலம் 50 மில்லிடெஸ்லாவை எட்டும்போதே முனை தளர்ந்துவிடும்.

சமிக்ஞைக் கம்பியாகுமா என்ற கேள்விக்கு வேகமும் ஆயுளும் தெரிய வேண்டும். வேகம் அதிகபட்சம் வினாடிக்குச் சுமார் 450 மீட்டர், அலைநீளம் ஆறு துகள் அளவாக இருக்கும்போது. எவ்வளவு தூரம் போகும் என்பது தடையுறு குணகம் ஆல்ஃபாவை (ஆட்டம் எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதைக் காட்டும் எண்ணை) பொறுத்தது. இதில் ஒரு அழகான முடிவு வருகிறது: வெளிப்புலமும் திசைச்சார்பும் இல்லாத சங்கிலியில், வீச்சு 37 சதவீதமாகக் குறைவதற்குள் அலை கடக்கும் துகள்களின் எண்ணிக்கை, மிகச் சாதகமான அலைநீளத்திலும் சுமார் 0.4ஐ ஆல்ஃபாவால் வகுத்தால் வரும் அளவுதான். துகளின் அளவு, இடைவெளி, பூரிதக் காந்தமாக்கம் எதுவும் அதில் இல்லை. பட்டை சுருங்கினால் வேகமும் குறையும், அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் குறைந்து ஆயுள் நீளும், ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆல்ஃபா 0.01 என்றால் 40 துகள். மேக்னடைட் நானோதுகளுக்கு 0.01இலிருந்து 0.05 வரை ஆளுக்கொரு மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். 0.03 என்று வைத்தால் 13 துகள், மொத்தத் தூரம் முக்கால் மைக்ரோமீட்டர்கூட இல்லை. தடையுறல் மிகக் குறைந்த காந்தப் பொருளான யிட்ரியம் இரும்புக் கார்னெட்டின் ஆல்ஃபா 0.0001 அளவுக்கு இறங்கும், தாளில் எழுதினால் ஆயிரக்கணக்கான துகள்கள் வரும். ஆனால் அதை உருண்டை உருண்டையாக, அதே தரத்தில், நானோ அளவில் செய்து வரிசையாக அடுக்குவது வேறு விவகாரம்.

நான் உறுதியாகச் சொன்னதெல்லாம் ஒழுங்கான சங்கிலிக்குத்தான். நிஜச் சங்கிலிகளுக்கு வரும்போது கொஞ்சம் தள்ளி நின்று பேச வேண்டும். முதல் சிக்கல் படிகத் திசைச்சார்பு. அறை வெப்பநிலையில் மேக்னடைட்டின் திசைச்சார்புப் புலம் சுமார் 30இலிருந்து 50 மில்லிடெஸ்லா வரை. படிக அச்சுகள் தாறுமாறாக இருந்தால் ஒவ்வொரு துகளின் சொந்த அதிர்வெண்ணும் ஒரு கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். பட்டையின் அகலமே மூன்று கிகாஹெர்ட்ஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள். இடைவெளியில் 10 சதவீத வித்தியாசம் பிணைப்பை 30 சதவீதம் மாற்றும் என்பது அடுத்த அடி. ஒற்றைப் பரிமாணத்தில் இவ்வளவு ஒழுங்கின்மை இருந்தால் அதிர்வுகள் சில துகள்களுக்குள்ளேயே சிறைப்படும். தடையுறல் கொல்வதற்கு முன்பே ஒழுங்கின்மை அலையை நிறுத்திவிடும் சங்கிலிகள் நிறைய இருக்கும் என்பது என் கணிப்பு. இதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள், நிரூபணமாக அல்ல.

இயற்கை இதில் மனிதனைவிடக் கைதேர்ந்தது. பிளேக்மோர் 1975இல் விவரித்த காந்த பாக்டீரியாக்கள் தங்கள் உடலுக்குள் மேக்னடைட் துகள்களைச் சங்கிலியாக வளர்த்து வைத்துக்கொள்கின்றன. பல இனங்களில் துகள்களின் எளிய காந்த அச்சும் சங்கிலியின் திசையும் ஒன்றாகவே அமைகின்றன. அதனால்தான் இந்தச் சங்கிலிகள் ஒத்ததிர்வு (நுண்ணலையால் காந்தத்தை அதன் சொந்த அதிர்வெண்ணில் ஆட்டி அளக்கும் முறை) ஆய்வாளர்களுக்குப் பிடித்தமானவை. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாக்டீரியாவின் தனிச் சங்கிலிகளிலேயே நுண் ஒத்ததிர்வி வைத்து அளந்து, சிமுலேஷனோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு துகளின் அச்சுத் திசையும் பட்டை அமைப்பைப் பாதிக்கிறது என்று காட்டியது. ஆனால் ஒத்ததிர்வு அளவீடு வேறு, ஒரு முனையில் அலையை அனுப்பி மறுமுனையில் வாங்குவது வேறு. நுண்ணலையின் அலைநீளம் சென்டிமீட்டர் கணக்கு. ஒழுங்கான சங்கிலியை அது மொத்தமாகவே அசைக்கும், பட்டையின் உச்சியை மட்டுமே பெரும்பாலும் தொடும். ஒத்ததிர்வுக் கோட்டை வைத்துக்கொண்டு ‘அலை ஓடுகிறது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் இரண்டு முறை படித்த பிறகே நம்புவேன்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. தொட்டு நிற்கும் இரண்டு 50 நானோமீட்டர் துகள்களின் பிணைப்பு ஆற்றல், அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைப்போலச் சுமார் 380 மடங்கு. கவலை இல்லை. 10 நானோமீட்டரில் அது வெப்ப ஆற்றலைப்போல வெறும் மூன்று மடங்கு, இரண்டு நானோமீட்டர் மேற்பூச்சோடு ஒரு மடங்குதான். அங்கே திருப்புத்திறன்கள் கோட்டின் திசையில் நிற்பதே சந்தேகம், சீராக அலையடிப்பதை எதிர்பார்க்க முடியாது. காந்தத் திரவங்களில் உருவாகும் சிறுதுகள் சங்கிலிகளுக்கு மேலே சொன்ன எண்களை அப்படியே பொருத்தாதீர்கள்.

கடைசியாக உங்கள் சிமுலேஷனில் கவனிக்க வேண்டியவை. பொருளைச் சிற்றறைகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரையறுத்த வேறுபாட்டு முறை நிரல்களில், தொட்டு நிற்கும் உருண்டைகளின் விளிம்புச் சிற்றறைகள் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் நிரல் கேட்காமலேயே அங்கே பரிமாற்ற இடைவினையைச் சேர்த்துவிடும். அது குறுகிய அலைகளை மேலே தூக்கி, இறங்கும் வளைகோட்டைத் தட்டையாக்கும். இரண்டு உருண்டைகளுக்கு நடுவே ஒரு சிற்றறையைக் காலியாக விடுங்கள், அல்லது பகுதிகளுக்கு இடையிலான பரிமாற்றத்தைப் பூஜ்யமாக்குங்கள். சிற்றறை 5 நானோமீட்டருக்கு மேல் வேண்டாம், மேக்னடைட்டின் பரிமாற்ற நீளமே (பரிமாற்ற இடைவினை காந்தமாக்கத்தை ஒரே திசையில் பிடித்துவைக்கும் தூரம்) 9 நானோமீட்டர் அளவுதான். எல்லாத் துகளுக்கும் ஒரே புலத் துடிப்பைக் கொடுத்தால் நிகரத் திருப்புத்திறன் இல்லாத நிலைகள் கண்ணிலேயே படாது. ஒரு துகளை மட்டும் தட்டுங்கள். ஓட்டம் 10 நானோவினாடி என்றால் 0.1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது, முனை நிலைகள் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இருபதுக்குப் போகும் முன் இரண்டே துகளில் ஓட்டிப் பாருங்கள். திசைச்சார்பை அணைத்து, 5 நானோமீட்டர் இடைவெளி விட்டால் 0.7உம் 2.1உம் நான்கில் மூன்று பங்காகக் குறைந்து 0.53, 1.58 கிகாஹெர்ட்ஸில் இரண்டு உச்சிகள் வர வேண்டும். சிற்றறைகளால் உருண்டையின் விளிம்பு படிக்கட்டுபோல ஆவதால் சில சதவீதம் விலகினால் பரவாயில்லை. கீழ் உச்சி 1.58ஐ நோக்கி ஏறிக் கிடந்தால் எங்கோ பரிமாற்றம் கசிகிறது என்று பொருள், முதலில் அதைத் தேடுங்கள்.